நாய்க்கு அவசர சிகிச்சை: காத்திருப்பும் கட்டணமும் ‘காரணம் தெரியவில்லை’ என்ற பதிலும்

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய ஐந்து வயதுப் பெண் நாய் மாலையிலிருந்து பலமுறை வாந்தி எடுத்து, இரவில் எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தளர்ந்துபோனது. அவசர மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வைத்தார்கள்; தமக்குப் பின்னால் வந்தவர்களை முன்னால் உள்ளே அழைத்தார்கள். சிகிச்சையை முழுமையாகத் தொடங்கும் முன்பே முன்பணம் கேட்டார்கள்; ‘இதயம் நின்றுவிட்டால் மீட்க முயல வேண்டுமா’ என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் என எல்லாவற்றையும் எடுத்து, சலைன் ஏற்றி, மறுநாள் காலையில் ‘காரணம் உறுதியாகத் தெரியவில்லை, உள்மருத்துவ நிபுணரிடம் காட்டுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். நாய் இப்போது ஓரளவு தேறியிருக்கிறது. நடந்தது முறையான மருத்துவமா, பதற்றத்தில் இருந்தவர்களிடம் பணம் பறித்ததா என்பதே அவருடைய கேள்வி.

அவசரப் பிரிவில் நீண்ட காலம் பணிபுரிந்த கால்நடை மருத்துவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கிறேன். எழுதப்பட்டிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த மருத்துவமனை செய்த மருத்துவத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் எதை எதற்காகச் செய்கிறோம் என்று உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அது சிறிய குறையன்று. நாய் வளர்ப்போர் அவசர சிகிச்சையைப் பற்றிப் பின்னாளில் கசப்போடு பேசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் கசப்பில் பெரும்பகுதி, அவசரப் பிரிவு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் போனதால் விளைந்தது. இந்த நாய் விடியும்வரை உயிரோடு இருக்குமா, இருக்காது என்றால் எதனால், அதை இப்போதே எப்படித் தடுப்பது என்பவைதான் அந்த இரவு கேட்கப்படும் கேள்விகள். இந்த நோய் ஏன் வந்தது, மறுபடியும் வராமல் எப்படிக் காப்பது என்பவை நிபுணருடைய கேள்விகள். இரு பிரிவுகளும் ஒரே கட்டடத்தில் இயங்கும்போதுகூட இந்த வேறுபாடு மறைவதில்லை.

முதலில் காத்திருப்பைப் பார்ப்போம். அவசரப் பிரிவில் வரிசை, வந்த நேரத்தின்படி அமைவதில்லை. நாய் உள்ளே வந்த சில நிமிடங்களில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரோ மருத்துவரோ அதன் மூச்சு, ஈறுகளின் நிறம், நாடித்துடிப்பு, சுயநினைவு ஆகியவற்றைப் பார்த்துவிடுவார். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் இரத்த ஓட்டம் சரியில்லை என்று பொருள். மூச்சுத் திணறும் நாய், ஈறு வெளுத்துச் சரிந்துகிடக்கும் நாய், வலிப்பு நிற்காத நாய், சிறுநீர் அடைத்துக்கொண்ட ஆண் நாய், இரத்தம் வடியும் நாய் ஆகியவை எப்போது வந்தாலும் மற்றவற்றுக்கு முன்னே போகும். உங்கள் நாய் காத்திருக்க வைக்கப்பட்டது என்பதற்கு, முதல் பார்வையில் அதன் மூச்சும் இரத்த ஓட்டமும் உடனடி ஆபத்தில் இல்லை என்று கணித்தார்கள் என்பதே பெரும்பாலும் பொருள். அதைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு மணி நேரம் வேறு விதமாகக் கழிந்திருக்கும்.

ஆனால் முதல் கணிப்பு அந்த நேரத்துக்கு உரியதுதான். நாயின் நிலை மாறலாம். காத்திருக்கும்போது ஈறு வெளுத்தாலோ, மூச்சின் வேகம் கூடினாலோ, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நாய் திரும்பாமல் போனாலோ, எழுந்து போய் அதை அப்படியே சொல்ல வேண்டும். ‘எவ்வளவு நேரம் ஆகும்’ என்று பத்து முறை கேட்பதைவிட ‘வந்தபோது நின்றது, இப்போது நிற்கவில்லை, மறுபடியும் பாருங்கள்’ என்ற ஒரு வாக்கியம் பயன்படும். புறப்படும் முன்பே தொலைபேசியில் அறிவித்துவிடுவதும் அப்படித்தான். நாயின் எடையும், என்ன நடந்தது என்பதும், வந்து சேர ஆகும் நேரமும் தெரிந்திருந்தால் ஆக்சிஜனும் மருந்தும் முன்கூட்டியே தயாராக இருக்கும். அந்த இடத்தில் இடமோ தேவையான கருவியோ இல்லையென்றால் வேறிடத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

உண்மையிலேயே ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாத நிலைகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், செயின்ட் பெர்னார்ட், வைமரானர் போன்ற ஆழமான மார்புடைய பெரிய நாய்களுக்கு இரைப்பையில் காற்று நிரம்பி அது தன் அச்சில் முறுக்கிக்கொள்வதுண்டு. முறுக்கிய பையிலிருந்து எதுவும் மேலேயும் வராது, கீழேயும் இறங்காது. அதனால் நாய் வாந்தி எடுக்க முயன்றுகொண்டே இருக்கும், ஆனால் நுரையும் எச்சிலும் தவிர ஒன்றும் வராது. வயிறு உப்பிக் கல்லாகும். நாய் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிக்கும். உள்ளே உப்பிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெருநாளத்தை அழுத்துவதால் இதயத்துக்கு வந்து சேரும் இரத்தம் குறைந்து, சில மணி நேரத்தில் நாய் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத நிலைக்கு, போய்விடும். வலப்பக்கமாகப் படுக்கவைத்து எடுக்கும் ஒரே எக்ஸ்ரே பெரும்பாலும் நோயை உறுதிசெய்துவிடும். பிறகு வேகமாகச் சலைன் ஏற்றி, குழாய் வழியாகவோ வயிற்றில் ஊசி செலுத்தியோ காற்றை வெளியேற்றி, அறுவை செய்து, முறுக்கை நீக்கி, இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைப்பார்கள். உரிய நேரத்தில் அறுவை செய்யப்பட்ட நாய்களில் ஐந்தில் நான்குக்கு மேல் பிழைக்கின்றன. தைக்காமல் விட்டால் பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு அது திரும்ப வரும். தைத்தால் அரிதாகவே வரும். அறுவை முடிந்து ஓரிரு நாள் நாய் நன்றாகத் தெரியும்போதும் வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறார்களே என்று வருந்துவோர் உண்டு. அந்த முதல் மூன்று நாள்களில்தான் இதயத் துடிப்பு தடம்புரளும் வாய்ப்பு மிகுதி என்பதால் ஈசிஜி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நாய் உண்மையில் வாந்தி எடுத்தது, அதில் உணவும் பித்தமும் வந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தவுடன் கேட்ட முதல் சில கேள்விகளிலேயே அவர்கள் இந்த நோயை ஏறத்தாழ ஒதுக்கியிருப்பார்கள். வாந்தி எப்படிப்பட்டது, எத்தனை முறை, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று மீண்டும் மீண்டும் கேட்பது ஒப்புக்காக அன்று.

நஞ்சைப் பற்றியும் கேட்டிருப்பார்கள். இதில் வளர்ப்போரை ஏமாற்றுவது நாயின் தோற்றம்தான். எலிக்கு வைக்கும் மருந்துகளில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைத் தின்ற நாய் முதல் இரண்டு நாள் துள்ளி விளையாடும். இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும், அதை உறையச்செய்யும் பொருள்கள் தீர்ந்த பிறகு, மூன்று முதல் ஐந்து நாள் கழித்து, மார்புக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ இரத்தம் கசியத் தொடங்கும். தின்றது தெரிந்த அன்றே வந்தால் வாந்தி எடுக்கவைத்து வைட்டமின் கே 1 கொடுத்து எளிதாகக் காப்பாற்றலாம். இரத்தம் கசிந்த பின் வந்தால் இரத்தமே ஏற்ற வேண்டியிருக்கும். துத்தநாக பாஸ்பைடு கலந்த எலி மருந்து முற்றிலும் வேறு: அது இரைப்பையில் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாக மாறும், உணவு கொடுத்தால் அமிலம் சுரந்து வாயு கூடும், நாய் எடுக்கும் வாந்தியின் வாடை அருகில் இருக்கும் மனிதரையும் பாதிக்கும். ஆகவே வண்டியின் சன்னல்களைத் திறந்து வைத்தே கொண்டுவர வேண்டும். சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கி அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் கெடும் என்பது நாய்க்கு நாய் மாறுவதால் ‘கொஞ்சம்தானே’ என்று இருந்துவிட முடியாது. கறுப்புச் சாக்லேட், மனிதருக்கான வலி மாத்திரைகள் ஆகியவையும் இந்த வரிசையில் வருபவை. எதைத் தின்றிருந்தாலும் அதன் உறையைக் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டிலேயே உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அந்த உப்பே மூளையைப் பாதித்து நாயைக் கொன்றதுண்டு. மண்ணெண்ணெய், அமிலம் போன்றவற்றைக் குடித்த நாயையும், மயங்கிக் கிடக்கும் நாயையும் எக்காரணம் கொண்டும் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது.

இனிப் பணமும் படிவமும். முன்பணம் கேட்பது மனத்தைச் சுடும் செயல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாய்களுக்கான அவசர மருத்துவமனைகள் இரவு முழுவதும் மருத்துவரையும் செவிலியரையும் ஆய்வகத்தையும் இரத்தத்தையும் தயாராக வைத்திருப்பதற்கான செலவு பெரும்பாலும் வளர்ப்போர் கட்டணத்திலிருந்தே வருகிறது. பொதுநிதியில் நடக்கும் மனித மருத்துவமனையோடு ஒப்பிட்டு வருந்துவதில் பயனில்லை. ஒரு முறையான இடம் எழுத்தில் மதிப்பீடு தரும். அதில் குறைந்த தொகை, அதிகத் தொகை என இரண்டும் இருக்கும். குறைந்த தொகையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்வதிலிருந்துதான் பின்னாள் சண்டைகள் பல பிறக்கின்றன. அதிகத் தொகையைத் தாங்க முடியுமா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். எந்த அளவைத் தாண்டினால் தொலைபேசியில் கேட்காமல் மேற்கொண்டு செய்யக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவைக்கச் சொல்லலாம். ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது வெட்கப்பட வேண்டிய செய்தியன்று. எனக்கு அது மருத்துவத் தகவல், நாயின் எடையைப் போல. அதை அறிந்தால் கிடைக்கும் தொகையை எந்தப் பரிசோதனையிலும் எந்த மருந்திலும் செலவிட்டால் நாய்க்கு அதிகப் பயன் என்று திட்டமிட முடியும்.

இதற்கு நல்ல சான்று பார்வோ வைரஸ் நோய். 1978இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்நோயால் குடல் சிதைந்து வரும் குட்டிகளை மருத்துவமனையில் சேர்த்து இரத்தக்குழாய் வழியே நீர் ஏற்றுவதுதான் சிறந்த சிகிச்சை. ஆயினும் அதற்கு வழியில்லாதவர்களுக்காகக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர், தோலுக்கடியில் நீர், வாந்தியை அடக்கும் ஊசி, நீண்டநேரம் வேலைசெய்யும் ஆண்டிபயாட்டிக் ஆகியவற்றைக் கொண்டு நாள்தோறும் வந்துபோகும் முறையொன்றை ஆராய்ந்து பார்த்தார்கள். மருத்துவமனையில் தங்கிய குட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடும் இந்த எளிய முறையில் ஏறத்தாழ 80 விழுக்காடும் பிழைத்தன. முழுச் சிகிச்சை, இல்லையேல் ஒன்றுமில்லை என்ற இரண்டே வழிகள்தாம் உண்டு என்று ஒருவர் சொன்னால், இடையில் வேறு வழி உண்டா என்று கேளுங்கள். பல நேரங்களில் உண்டு. எல்லா நேரத்திலும் இல்லை. முறுக்கிக்கொண்ட இரைப்பைக்கு இடைவழி கிடையாது.

இதயம் நின்றால் என்ன செய்வது என்று கேட்ட படிவம் உங்களை உலுக்கியிருக்கிறது. ‘சாகப்போகிறது என்று முன்பே தெரிந்துதான் கேட்டார்களா’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு நாய்க்கும் இதைக் கேட்பது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டிய அந்த நேரத்தில் உங்களைத் தொலைபேசியில் தேடிப்பிடித்து அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. விலங்குகளுக்கான உயிர்மீட்பு முறைகளை ஆராய்ந்து ரிகவர் என்ற முயற்சி 2012இல் முதல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2024இல் அவற்றைப் புதுப்பித்தது. அவற்றைப் பின்பற்றினாலும், நோயால் இதயம் நின்ற நாய்களில் வீடு திரும்புபவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மயக்க மருந்தின்போது நின்ற இதயத்துக்கு வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த இரண்டையும் படிவத்தை நீட்டியவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கியது அங்கே நடந்தவற்றுள் எனக்குப் பிடிக்காத செயல்.

பரிசோதனைகளுக்கு வருவோம். வாந்தியும் தளர்ச்சியுமாக ஒரு பெண் நாய் வரும்போது அந்த இரவே கத்தி வைக்க வேண்டிய நோய்கள் சில உண்டு. குடலில் பந்தோ துணியோ சிக்கியிருக்கலாம். கருப்பை நீக்கப்படாத நாயாக இருந்தால், பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வாய் மூடிய கருப்பையில் சீழ் வெளியே தெரியாது, நாய் அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் சோர்வும்தான் தெரியும். வயிற்றுக்குள் இரத்தக் கசிவு இருக்கலாம். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இவை இல்லை என்று காட்டின. இரத்தப் பரிசோதனை, சர்க்கரையும் சிறுநீரகமும் உப்புகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்லிற்று. ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நீங்கள் கேள்விப்பட்ட முடிவு, மருத்துவர் காதில் ‘இன்றிரவு அறுவை வேண்டாம்’ என்று ஒலித்திருக்கும். அவருக்கு அது பெரிய செய்தி. அதை உங்களுக்கு அந்தச் சொற்களில் அவர் சொல்லவில்லை. எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் ‘இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வருமானால் அந்தப் பரிசோதனையைக் காலைவரை தள்ளிவைக்கலாம்.

உங்கள் நாய் சலைன் ஏறிய சில மணி நேரத்தில் வியக்கத்தக்க அளவு தெளிந்தது என்று எழுதியிருப்பதால், நிபுணரிடம் போகும்போது ஒன்றைக் கேட்கச் சொல்வேன். நோயை நான் இங்கிருந்து கணிக்கவில்லை; ஆனால் சிறுநீரகத்தின் அருகே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலைசெய்யாமல் போகும் அடிசன் நோய் இப்படி வருவதுண்டு. இளம் வயதிலிருந்து நடுவயது வரையுள்ள நாய்களுக்கு, அவற்றிலும் பெண் நாய்களுக்கு, இது அதிகம். வாந்தி, சோர்வு, சில நாள் நன்றாக இருத்தல், மறுபடியும் சோர்வு என்று வந்துபோய்க்கொண்டிருந்து ஒருநாள் திடீரென்று நாயைக் கீழே தள்ளும். சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருக்கும்; அதிர்ச்சி நிலையில் வேகமாக அடிக்க வேண்டிய இதயம் மெதுவாக அடிக்கும். சிலவற்றில் உப்புகள் இயல்பாகவே இருப்பதால் முதல் இரவில் கண்டுபிடிக்க முடியாமலும் போகும். இரத்தத்தில், அந்தச் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இந்த நோயை ஏறத்தாழ ஒதுக்கிவிடலாம்; குறைவாக இருந்தால், அந்தச் சுரப்பியை ஊசியால் தூண்டிப் பார்க்கும் ஏசிடிஎச் தூண்டல் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். அன்றிரவு நாய்க்கு ஸ்டீராய்டு எதையேனும் போட்டார்களா, போட்டிருந்தால் எது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரெட்னிசலோன் போட்டிருந்தால் கார்டிசால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். டெக்சாமெத்தசோன் அந்த அளவீட்டைக் குழப்பாது. உறுதியானால் வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும், ஆனால் நாய் நன்றாக வாழும்.

நிபுணர் என்ற சொல்லின் தகுதியைப் பற்றியும் தெளிவு வேண்டும். கால்நடை மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு பொதுவாக ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் மூன்றாண்டு சிறப்புப் பயிற்சியும் பெற்று, தேர்வெழுதி, ‘கல்லூரி’ என்று அழைக்கப்படும் நிபுணர் அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் பெற்றவர்களையே உலகின் பல பகுதிகளில் அப்படி அழைக்கிறார்கள். அவசர மற்றும் தீவிர சிகிச்சைக்கான அமெரிக்கக் கல்லூரிக்கு அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் 1989இல்தான் கிடைத்தது. ஆகவே இது இளைய துறை. எல்லா இடங்களிலும் இந்தச் சொல்லைச் சட்டம் காப்பதில்லை. குறுகிய காலப் பயிற்சி முடித்தவரும் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளக்கூடும். எந்தக் கல்லூரியின் அங்கீகாரம் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. உண்மையான நிபுணர் மகிழ்ச்சியோடு சொல்வார். அதேநேரத்தில், பட்டம் இல்லாவிட்டாலும் இருபது ஆண்டு அறுவை செய்த கை நல்ல கைதான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நிபுணரிடம் போகும் முன் அன்றிரவின் முழுப் பதிவுகளையும் வாங்குங்கள். சுருக்க அறிக்கை மட்டும் போதாது. பரிசோதனை எண்கள், எக்ஸ்ரே படங்களின் மூலக்கோப்பு, கொடுத்த மருந்துகளின் அளவும் நேரமும் வேண்டும். இவை இல்லாமல் போனால் அதே பரிசோதனைகளுக்கு மீண்டும் பணம் கட்ட நேரும். வலிப்பு, தள்ளாட்டம், இருமல் போன்றவை நிபுணர் முன்னால் நடக்காது. கைப்பேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளி ஒரு பக்க விவரிப்பைவிட அதிகம் சொல்லும். இதய நோய் உள்ள நாயானால், அது தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று சில நாள் எண்ணிக் குறித்துக்கொண்டு போங்கள். பொதுவாக அது 30ஐத் தாண்டக் கூடாது. வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். சாப்பிட்டு வந்ததால் ஸ்கேன் எடுக்க முடியாமல் திரும்பும் நாய்கள் ஏராளம்.

உங்கள் நாயைப் போல் தேறிவரும் நாயை நிபுணரிடம் பொறுமையாகக் கொண்டுபோகலாம்; ஆனால் இதற்கு விலக்கும் உண்டு. டாக்ஸ்ஹண்ட் போன்ற நீண்ட உடலுடைய நாய்களுக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு வெடித்துத் தண்டுவடத்தை அழுத்தும்போது பின்னங்கால்கள் செயலிழக்கும். அப்போது மருத்துவர் கால்விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பதைக் கண்டு சிலர் கோபப்படுகிறார்கள். நாய் காலை இழுக்கிறதா என்பதைவிட, திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்பதையே அவர் கவனிக்கிறார். அப்படி வலியை உணர்வதை ஆழ்வலி உணர்வு என்கிறோம். அது இருக்கும்போது அறுவை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மீண்டும் நடக்கும். அது போன பின் செய்தால் ஏறத்தாழப் பாதிதான் நடக்கும். ஆகவே அந்த நாய்க்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் நிபுணரை அன்றே அடைய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பும், ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வரும் வலிப்பும் இதைப் போன்றவை. வெப்பத்தால் துவண்ட நாய்க்கோ வழியே வேறு: புறப்படும் முன்பே உடம்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றுப்படச் செய்ய வேண்டும், குளிர்வித்துக்கொண்டே கொண்டுவர வேண்டும்.

இரவில் வரும் முடிவுகளில் கடினமானது, அறுவை செய்வதா, விடைகொடுப்பதா என்பது. வயதான பெரிய நாய் திடீரென்று சரிந்துவிழுகிறது, மண்ணீரலில் ஒரு கட்டி வெடித்து வயிற்றில் இரத்தம் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிபடாமல் இப்படி இரத்தம் கசிந்த நாய்களில் பெரும்பான்மைக்கு அந்தக் கட்டி இரத்தநாளப் புற்றாகவே இருக்கிறது; சிறுபான்மைக்குக் குணமாகக்கூடிய சாதாரணக் கட்டி. திசுப் பரிசோதனை வரும்வரை எதுவென்று யாராலும் உறுதிகூற முடியாது, அறுவை செய்யாமல் திசுவும் கிடைக்காது. புற்றாக இருந்து அறுவை மட்டும் செய்தால் மீதி வாழ்வு பொதுவாகச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை. இந்த எண்களைக் கேட்டபின் ஒருவர் அறுவையைத் தேர்ந்தால் அவர் பேராசைக்காரரும் அல்லர். கருணைக்கொலையைத் தேர்ந்தால் கைவிட்டவரும் அல்லர். பணம் இல்லாததால் அப்படி முடிவெடுத்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் மருத்துவமனை ஊழியர் அந்த வேலைக்குத் தகுதியற்றவர் என்பது என் கருத்து. அந்நேரத்தில் உடனிருக்கலாமா, முதலில் தூக்க ஊசி போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போடச் சொல்லிக் கேளுங்கள்.

இத்தனை சொன்னபின், மருத்துவமனைகள் மீது குறைகூறவே இடமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். எழுத்தில் மதிப்பீடு தர மறுப்பது, ஒப்புதலின்றி அதிகத் தொகையைத் தாண்டுவது, சேர்த்துக்கொண்ட நாயை இரவு முழுவதும் கவனிக்க ஆளே இல்லை என்பதை மறைப்பது, பதிவுகளைக் கேட்டால் தர இழுத்தடிப்பது ஆகியவை முறையீட்டுக்கு உரியவை. ‘இரவு இரண்டு மணிக்கு என் நாயின் அருகில் யார் இருப்பார்’ என்ற கேள்வியைச் சேர்க்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பூட்டிவிட்டுப் போகும் இடங்களும் உண்டு. முதலில் அந்த இடத்தின் தலைமை மருத்துவருக்கு, நடந்தவற்றை நேர வரிசைப்படி எழுதி அனுப்புங்கள். பல மனக்குறைகள் ஒரு நேரடி உரையாடலில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் உரிமம் வழங்கும் கால்நடை மருத்துவ மன்றத்திடம் போகலாம். உங்கள் விவரிப்பில் மன்றத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்கு ஒன்றும் இல்லை. தலைமை மருத்துவருக்கு எழுதுவதற்கு இரண்டு செய்திகள் உள்ளன: காத்திருந்தபோது யாரும் வந்து மறுபடியும் பார்க்கவில்லை, உயிர்மீட்புப் படிவத்தை விளக்காமல் நீட்டினார்கள். அதே கடிதத்தில் பதிவுகளையும், ஸ்டீராய்டு போட்ட விவரத்தையும் கேட்டுவிடுங்கள். நிபுணரைப் பார்க்கும் நாளுக்கு முன் அவை உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.